மைன் ஹாபி இஸ்ட் பொய்

வாஸ் ஸிண்ட் ஈரே ஹாபிஸ்? "உங்கள் பொழுதுபோக்குகள் என்ன?" என்று அர்த்தம். ஜெர்மன் கற்றுக்கொள்கிற யாராக இருந்தாலும் முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். நம்ம பக்கத்தில் இதற்கு மூன்றே மூன்று பதில்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. லேஸன், ரைஸன், ஷ்விம்மன். வாசிப்பு, பயணம், நீச்சல். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஜெர்மன் படிக்கிறவர்களின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், முக்கால்வாசியில் இதுதான் இருக்கும். "மைன் ஹாபி இஸ்ட் லேஸன்" என்று சொல்லும் பிள்ளை கடைசியாகப் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் தொட்டது எப்போது என்று கேட்டுவிடாதீர்கள். பாவம்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு புது மொழியில் தன்னைப் பற்றிச் சொல்கிற முதல் பத்து வாக்கியங்களுக்குள் ஒரு பொய்யைச் சொல்லச் சொல்லிக் கொடுக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுக்கிறார்கள். இதில் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

முதலில் பரீட்சை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கோதே நிறுவனம் (சென்னையில் அதற்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பேர்) நடத்தும் ஏ1 தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். நூறுக்கு அறுபது எடுத்தால் பாஸ். பேசுதலுக்கு இருபத்தைந்து மார்க். அதிகபட்சம் நான்கு பேரை ஒன்றாக உட்கார வைத்து, சுமார் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். முதல் பகுதி சுய அறிமுகம். பேர், வயது, நாடு, ஊர், மொழிகள், வேலை, கடைசியாக ஹாபி. ஏழு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஆறு வரைக்கும் நம்ம ஆட்கள் நிஜம் பேசுவார்கள். ஏழாவதில் திடீரென்று எல்லோரும் நீச்சல் வீரர்கள் ஆகிவிடுவார்கள்.

இரண்டாம் பகுதிதான் வேடிக்கை. அதில் தலைப்பும் சொல்லும் எழுதிய சீட்டைக் கொடுத்து, தேர்வு எழுதுகிறவர்களையே ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கச் சொல்வார்கள். அதாவது வாலாஜாபாத்துக்காரர் கேட்க வேண்டும், திருவண்ணாமலைக்காரர் பதில் சொல்ல வேண்டும். ஓய்வு நேரம் என்கிற தலைப்பு வந்துவிட்டது என்று வையுங்கள். "ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய்?" "நீச்சல் அடிப்பேன்." "எங்கே?" "...ஷ்விம்பாட்." ஷ்விம்பாட் என்றால் நீச்சல் குளம். கேட்டவருக்கும் தெரியும் அது பொய், சொன்னவருக்கும் தெரியும் அது பொய். இரண்டு தமிழர்கள் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருமே போகாத ஒரு நீச்சல் குளத்தைப் பற்றி ஜெர்மனில் விசாரித்துக்கொள்கிறார்கள். :-)

வாலாஜாபாத்தில் பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான் தெரியும். 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் வந்தால் ஆறு ஓடும், அப்போது நீந்தப் போனால் திரும்பி வர முடியாது. கிணற்றில் குதித்து நீச்சல் கற்றுக்கொண்ட பசங்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்கு ஷ்விம்மன் நிஜம். ஆனால் அவர்களுக்கும் "கிணறு" என்பதற்கு ஜெர்மன் சொல் யாரும் சொல்லித் தருவதில்லை. ப்ருன்னன். ஒரே சொல், ரெண்டு நொடி வேலை. அதைச் சொல்லித் தராமல் "எழுதிக்கோ, ஷ்விம்பாட், ஒவ்வொரு சனிக்கிழமையும்" என்கிறார்கள்.

ஏதோ சென்னையில் நாலு பேர் பொழுதுபோக்காகப் படிக்கிற மொழி, இதற்கு எதற்கு இவ்வளவு டென்ஷன் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஜெர்மன் என்பது வயிற்றுப்பாட்டு விஷயமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரகடத்தில் டைம்லரின் லாரித் தொழிற்சாலை 2012 ஏப்ரலில் திறக்கப்பட்டது, பாரத்பென்ஸ் லாரிகள் அங்கிருந்துதான் வருகின்றன. நர்ஸிங் முடித்த பெண்களுக்கு தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஜெர்மன் பயிற்சி கொடுத்து அனுப்புகிறது. ஜெர்மனியில் இருப்பவரைக் கட்டிக்கொண்டு போகும் பெண்களில் பலர் ஏ1 சான்றிதழ் காட்டினால்தான் விசா என்று 2007-ல் சட்டம் வந்தது. 2024 அக்டோபரில் இந்தியத் தொழில் திறனாளர்களுக்கான விசா எண்ணிக்கையை வருஷத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மன் அரசு அறிவித்தது. 2023-24 குளிர்கால செமஸ்டரில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் கிட்டத்தட்ட 49,000 பேர். ஆக, நகையை அடகு வைத்துக் கோச்சிங் சேருகிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் காசுக்குக் கிடைப்பது ஜெராக்ஸ் எடுத்த ஒரு பொய்.

இனி எதிர்த் தரப்பு. கோச்சிங் காரர்கள் சொல்வது இது: "பரீட்சையில் உண்மைக்கு மார்க் கிடையாது. வாக்கியம் சரியா இருக்கா, உச்சரிப்பு புரியுதா, அவ்வளவுதான். நீ நீந்துவியான்னு யாரும் தண்ணில தள்ளிப் பார்க்கப் போறதில்ல."

ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். தேர்வாளர் போலீஸ் இல்லை. முதல் பகுதியில் ஹாபியைப் பற்றி அவர் மேற்கொண்டு குடைவதும் இல்லை, பேரை எழுத்துக்கூட்டச் சொல்வார், ஒரு நம்பரைச் சொல்லச் சொல்வார், அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். ஏ1-க்குப் பொய் போதும். ஆனால் ஏ1-ஓடு யார் நிற்கிறார்கள்? நர்ஸ் வேலைக்கு பி1, பி2 வரை போக வேண்டும். அங்கே கூட இருப்பவரோடு உட்கார்ந்து ஒரு விஷயத்தைத் திட்டமிட்டுப் பேச வேண்டும், கருத்துச் சொல்ல வேண்டும், ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். அக்கவுண்டன்ஸி படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு பொய் என்ட்ரி போட்டால் டிரையல் பேலன்ஸை டேலி பண்ண இன்னும் நாலு பொய் என்ட்ரி போட வேண்டும். லேஸன் என்றால் "என்ன புத்தகம்?" வரும். அதற்கு ஒரு ஆசிரியர் பேர் மனப்பாடம் பண்ண வேண்டும். "அந்தப் புத்தகத்தில் என்ன பிடித்தது?" வந்தால் ஆட்டம் குளோஸ்.

நிஜத்தில் செய்கிற காரியத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எங்கே, எப்போது, யாரோடு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று எது கேட்டாலும் பதில் ஏற்கனவே தலைக்குள் இருக்கிறது. சொல் மட்டும்தான் வேண்டும். இல்லாத வாழ்க்கையையும் இல்லாத சொல்லையும் சேர்த்து மனப்பாடம் செய்வதைவிட, இருக்கிற வாழ்க்கைக்குச் சொல் தேடுவது பாதி வேலை. இது நீதி போதனை இல்லை மக்களே, வெறும் உழைப்புக் கணக்கு.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. இவர்கள் கோச்சிங் காரர்களைவிட நல்லவர்கள், ஆனால் இவர்கள் சொல்வதும் சரியில்லை. "ஹாபி எல்லாம் பணக்காரன் சமாச்சாரம். தறி ஓட்டுற வீட்டுல, செங்கல் சூளையில, ஷிப்ட் வேலையில ஏதுப்பா ஹாபி? கேள்வியே அநியாயம்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏழை வீட்டில் ஆசையாகச் செய்வதற்கு எதுவுமே கிடையாது என்று சொல்வதும் ஒருவகை அவமானப்படுத்தல்தான்.

அய்யம்பேட்டையில் நெசவு வீட்டுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். வேலை என்றால் வேலைதான். ஆனால் மார்கழியில் பதினைந்து புள்ளி, இருபத்தொரு புள்ளி என்று தெருவையே அடைத்து, அடுத்த வீட்டைவிடப் பெரிதாகப் போட வேண்டும் என்று முந்தின நாள் ராத்திரியே நோட்டில் வரைந்து பார்க்கிறாளே, அதை யார் அவளுக்கு வேலையாகக் கொடுத்தார்கள்? அவளிடம் கேட்டால் "எனக்கு ஹாபி எல்லாம் இல்லீங்க" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல் தன்னைக் குறிக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். ஜெர்மன் வகுப்பில் அவளுக்குக் கொடுக்க வேண்டிய வாக்கியம் "இஷ் ட்ஸைஷ்னே கெர்ன்", விரும்பி வரைவேன். கூடவே அரிசி மாவு என்பதற்கு ரைஸ்மேல். கொடுத்துப் பாருங்கள், அவள் பேசுவதை நிறுத்த மாட்டாள்.

தென்னேரி ஏரிக்கரையில் தூண்டில் போடும் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவனுக்கு "வெட்டிப்பய" என்று பேர். ஜெர்மனியில் மீன்பிடித்தல் மரியாதையான பொழுதுபோக்கு, ஆங்கெல்ன் என்பார்கள். எவ்வளவு மரியாதை என்றால், தூண்டில் போடுவதற்கு உரிமம் வேண்டும், பெரும்பாலான மாநிலங்களில் அந்த உரிமத்துக்குப் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும்! நம்ம பையன் ஆறாவது படிக்கும்போதே விரால் பிடித்தவன். அவன் போய் "மைன் ஹாபி இஸ்ட் லேஸன்" என்று சொல்லிவிட்டு வருகிறான்.

புறா வளர்ப்பு இன்னும் மேல். மொட்டை மாடியில் கூண்டு கட்டிப் புறா விடுகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் நம்ம ஊரில். ஜெர்மனியில் ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் பெரிய பைத்தியமே பந்தயப் புறாதான். சுரங்கத்துக்குள்ளே நாளெல்லாம் இருட்டில் கிடந்துவிட்டு மேலே வந்து வானத்தைப் பார்த்தார்கள். "சின்ன மனுஷனின் பந்தயக் குதிரை" என்று புறாவுக்கு அங்கே பட்டப்பேர். பாருங்கள், அவர்களும் தொழிலாளிகள்தான், ஷிப்ட் பார்த்தவர்கள்தான். ஹாபி பணக்காரர்களுக்கு மட்டும் என்ற வாதம் ஜெர்மனியிலேயே செல்லாது. அங்கே பதிவு செய்யப்பட்ட சங்கங்கள் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல், பாட்டுச் சங்கம், தோட்டச் சங்கம், புறாச் சங்கம், தூண்டில் சங்கம் என்று.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை போய் பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிற அம்மாவையும் விட்டுவிடக் கூடாது. ஜெர்மன்காரர்களுக்கு மலைப்பக்கம் நடப்பது உயிர், வாண்டர்ன் என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். அம்மா செருப்பில்லாமல் வாண்டர்ன் போகிறார். கோடையில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்துவிட்டு, காலையில் துரியோதனன் படுகளத்துக்கும் நின்றுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தெயாட்டர் என்ற சொல் ஏ1 பாடத்திலேயே வருகிறது. யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டுவதில்லை.

ஏன் காட்டுவதில்லை என்றால், வகுப்பு தமிழில் நடப்பதில்லை. இதுதான் அசல் கோளாறு. ஜெர்மனை இங்கே இங்கிலீஷ் வழியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஹாபி என்ற சொல்லோடு இங்கிலீஷ் மீடியம் சுய அறிமுகமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ரீடிங், டிராவலிங், ஸ்விம்மிங் என்று ஆறாம் வகுப்பில் எழுதின அதே கட்டுரை ஜெர்மன் உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறது. (இதில் ஒரு கூத்து: ஜெர்மனில் ஹாபியைப் பன்மையாக எழுதும்போது கடைசியில் ஒய் அப்படியே இருக்கும், எஸ் மட்டும் சேரும். இங்கிலீஷ் பழக்கத்தில் ஐஇஎஸ் போட்டால் ஜெர்மனில் அது எழுத்துப்பிழை.)

இலக்கண விஷயத்தில் நஷ்டம் இன்னும் பெரியது. "ஐ லைக் குக்கிங்" என்று இங்கிலீஷில் யோசித்து ஜெர்மனுக்குப் போகிறவன் திணறுவான். ஏனென்றால் ஜெர்மன் அப்படி யோசிப்பதில்லை. "இஷ் கொஹே கெர்ன்" என்கிறது. கெர்ன் என்றால் விரும்பி. நான் விரும்பிச் சமைப்பேன். "இவன் பாயசம் விரும்பிச் சாப்பிடுவான்" என்று நம்ம வீட்டில் தினமும் சொல்கிறோமே, அதே அமைப்பு. "வாஸ் மாஹ்ஸ்ட் டூ கெர்ன்?" என்றால் "என்ன விரும்பிச் செய்வே?" ஹாபி என்ற சொல்லே இதில் கிடையாது. ஜெர்மன்காரர்கள் பழகினவரிடம் சாதாரணமாகக் கேட்பதும் இதுமாதிரிதான். இந்தக் கேள்வியைக் கேட்டால் அய்யம்பேட்டைப் பெண் "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லவே மாட்டாள்.

அடுத்தது, "மியர் கெஃபெல்ட் டாஸ்." எனக்கு அது பிடிக்கும். மியர் என்றால் எனக்கு. இங்கிலீஷில் "ஐ", தமிழிலும் ஜெர்மனிலும் "எனக்கு". குளிருக்கும் அப்படித்தான், எனக்குக் குளிருது, மியர் இஸ்ட் கால்ட். இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவன் இதை ஒரு விதிவிலக்கு என்று தனியாக உருப்போடுகிறான். தமிழில் யோசித்தால் விதியும் இல்லை விலக்கும் இல்லை, வாயில் வருவதுதான். டாடிவ் என்று பெயர் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். நாலாம் வேற்றுமை, உருபு "கு" என்று எட்டாம் வகுப்புத் தமிழய்யா சொன்னதில் பெரும்பகுதி அதுதான். அக்குஸாடிவ் என்பது இரண்டாம் வேற்றுமை, உருபு "ஐ". நம்மிடம் எட்டு வேற்றுமை, அவர்களிடம் நாலு. எட்டைக் கட்டி மேய்த்தவனுக்கு நாலைப் பார்த்து நடுக்கம்!

நீ, நீங்கள் விஷயமும் அப்படியே. டூ என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். பரீட்சை அறையில் தேர்வாளரை "டூ" என்று கூப்பிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாம் "யூ"-விலிருந்து மொழிபெயர்த்தவர்கள். தமிழில் யோசித்திருந்தால் அந்த வயசானவரை "நீ என்ன பண்ணுவே?" என்று கேட்க வாய் வந்திருக்குமா? "வில்" போன்ற துணைவினை வந்தால் செயல் வாக்கியக் கடைசிக்குப் போய்விடும், "இஷ் வில் ஹாய்டே கொஹென்", நான் இன்றைக்குச் சமைக்க... என்று நம்ம ஊர்ப் பக்கம் சாயும். எல்லாம் பொருந்தும் என்று புளுகவும் வேண்டாம். டேர், டீ, டாஸ் என்ற பால் வேறுபாட்டுக்குத் தமிழில் உதவி கிடையாது. மேசை ஆண், விளக்கு பெண், பெண்குழந்தை அஃறிணை மாதிரி "டாஸ்". அதை எந்த வழியில் படித்தாலும் உருப்போட்டுத்தான் தீர வேண்டும். தலையெழுத்து.

முன்னூறு வருஷத்துக்கு முன்னால் இதை ஒரு ஜெர்மன்காரர் எதிர்த் திசையில் செய்து காட்டியிருக்கிறார். சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதிக் கற்றுக்கொண்டார். 1716-ல் ஹாலே நகரத்தில் தமிழ் இலக்கணப் புத்தகமே அச்சிட்டார். மதம் பரப்ப வந்தவர்தான், அதில் ரகசியம் இல்லை. ஆனால் அவரும் கூட இருந்த க்ரூண்ட்லரும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். தமிழர்களிடம் அவர்கள் வாழ்க்கை, வழக்கம், நம்பிக்கை பற்றிக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில் கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவை அச்சாகின. பதில் எழுதிய தமிழர்கள் கேட்டவருக்குப் பிடித்த மாதிரி எழுதவில்லை. தங்கள் பழக்கத்தைத் தாங்களே விளக்கினார்கள், வெள்ளைக்காரர்களின் பழக்கத்தில் எது அசிங்கம் என்றும் எழுதினார்கள். ஜெர்மன்காரர் கேட்ட கேள்விக்குத் தமிழர் தயங்காமல் தன் பதிலைச் சொன்ன காலம் ஒன்று இருந்திருக்கிறது. அப்போது ஜெராக்ஸ் கடை இல்லை.

இன்றைக்கு அதே ஜெர்மன்காரர் "என்ன விரும்பிச் செய்வீர்கள்?" என்று கேட்டால், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி நேராகப் புறாக் கூண்டுக்குப் போகிறவன் "நீச்சல்" என்கிறான். நாளைக்கு அவன் டார்ட்மண்டில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போவான். பக்கத்து மெஷினில் நிற்கும் கிழவரின் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்துப் புறா வளர்த்தவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் பேச ஒரு வருஷத்துக்குத் தாங்குகிற விஷயம் இருக்கிறது. ஆனால் இவனுக்குப் புறாவுக்கு ஜெர்மனில் என்ன என்று தெரியாது. கோச்சிங் நோட்டில் ஷ்விம்பாட் இருந்தது, டௌப இல்லை.

டௌப என்றால் புறா. பெண்பால், டீ டௌப. பன்மைக்குக் கடைசியில் ஒரு "ன்" சேர்த்தால் போதும், டௌபன். எழுதிக்கொள்ளுங்கள்.